பேஸை எடுக்கிற கை

(இசை ஆர்வலர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் "ட்ராப், பேஸ் இசை: டிஜே மேடையில் என்ன நடக்கிறது?" என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து வந்தவர்களில் பாதிப் பேருக்கு வயது இருபதைத் தாண்டியிருக்காது. மீதிப் பேர் இதே அரங்குக்கு மார்கழியில் கச்சேரி கேட்க வருகிறவர்கள். இளைஞர்களுக்கு நான் சொல்லப்போவதில் கணிசமான பகுதி தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு, "அடுத்தவர் போட்ட பாட்டை ஓட விடுவதற்கு ஒரு சொற்பொழிவா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

பதிலை ஒளித்து வைக்கப்போவதில்லை. டிஜே மேசையில் நடக்கும் வேலைகளிலேயே பெரிய வேலை, பேஸை, அதாவது பாட்டின் கீழ் ஒலிகளை, எடுப்பது. கூட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிலிருந்து அதை எப்போது உருவுவது, எவ்வளவு நேரம் கூட்டத்தை அது இல்லாமல் நிற்க வைப்பது, எந்த இடத்தில் திருப்பிக் கொடுப்பது, இதில்தான் ஆள் கெட்டிக்காரரா இல்லையா என்பது வெளிச்சமாகும். நான் சொல்லும் வரலாறு, கணக்கு, வம்பு எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

நடைமுறைக்காக ஒன்று. பேஸ் திரும்பி வந்து விழும் இடத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் இந்த இசை வகையின் பெயரும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடும். இசையை ட்ராப் என்றும், அந்த இடத்தை 'விழுகிற இடம்' என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன். டிஜே பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சோதனை. சுவரில் மாட்டியிருக்கும் ஒலிபெருக்கிகள் பேச்சுக்காக வைத்தவை. ஒரு ட்ராப் தாளத்தை அதில் மட்டும் ஓட விடுகிறேன்.

(ஒலித்துண்டு ஒலிக்கிறது.)

என்ன கேட்டீர்கள்? மேலே 'ட்ஸ் ட்ஸ்' என்று ஹை-ஹாட், இடையிடையே 'டக்'. அவ்வளவுதான். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்திருக்கும். இப்போது அதே துண்டு, அதே அளவில், மேடைக்குக் கீழே இருக்கும் பதினெட்டு இஞ்ச் சப், அதாவது கீழ் ஒலிகளுக்கான பெட்டி, வழியாகவும் வரும்.

(ஒலித்துண்டு மறுபடி ஒலிக்கிறது.)

முன்வரிசையில் ஓர் ஐயா நாற்காலிக் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கிறார். இந்த டம்ளரில் தண்ணீர் இன்னும் அடங்கவில்லை. அந்த 'டக்'குக்குப் பின்னால் ஏறக்குறைய 44 ஹெர்ட்ஸில் நீண்ட ஓர் ஒலி இருந்தது. முதல் முறையும் அது பதிவில் இருந்தது. சுவரில் இருக்கும் பெட்டிக்கு அதை வெளியே தள்ளத் தெம்பில்லை.

ஒலி காற்றில் வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. 44-ஆல் வகுத்துப் பாருங்கள், ஓர் அலையின் நீளம் எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அவ்வளவு நீளமான அலை தூணையோ ஆளையோ சட்டை செய்யாது, வளைத்துக்கொண்டு போய்விடும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்லவும் முடியாது. காதும் இந்தப் பகுதியில் மந்தம். 1000 ஹெர்ட்ஸ் ஒலி இரண்டு மூன்று டெசிபல் இருந்தாலே நல்ல காதுக்குக் கேட்டுவிடும். 40 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் ஐம்பதுக்கு மேல் வேண்டும். அதனால்தான் இந்த இசைக்குப் பெரிய பெட்டிகளும் பெரிய ஆம்பிளிஃபையர்களும் தேவைப்படுகின்றன. கைபேசியில் கேட்டுவிட்டு "இதில் ஒன்றுமே இல்லையே" என்று தீர்ப்புச் சொல்பவர்கள், பாட்டின் பாதி வந்து சேராமலே தீர்ப்பு எழுதுகிறார்கள். ஸ்டுடியோக்காரர்களுக்கும் இது தெரியும். பேஸை வேண்டுமென்றே கொஞ்சம் கரகரப்பாக்கி, அதன் மேல் சுரங்களைக் கிளப்பிவிடுவார்கள். சின்ன ஒலிபெருக்கியில் அந்த மேல் சுரங்கள் மட்டும் வரும். கீழே இருக்க வேண்டியதை மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். பிழைப்புக்கான ஏற்பாடு அது. சப்புக்கு ஈடாகாது.

பேஸை எடுக்கிற கை முதலில் எங்கே வந்தது? ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், இசைக்குழுவை அழைத்து ஆட வசதியில்லாத மக்களுக்காகத் தெருவிலும் காலி மனையிலும் பெட்டிகளை அடுக்கி இசைத்தட்டு ஓட்டினார்கள். அதற்கு சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். டாம் த கிரேட் செபாஸ்டியன், டியூக் ரீட், காக்சன் டாட் என்று ஆளுக்கொரு சிஸ்டம், ஆளுக்கொரு படை. யாருடைய பேஸ் கனமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் கூட்டம் சாயும்.

அந்த உலகத்தில் ஆஸ்போர்ன் ரடாக் என்று ஒரு ரேடியோ ரிப்பேர்காரர் இருந்தார். வாட்டர்ஹவுஸ் பகுதி. ஊர் அவரை கிங் டப்பி என்றது. எழுபதுகளின் தொடக்கத்தில், டைனமிக் ஸ்டுடியோ கழித்துக் கட்டிய நான்கு தட மிக்சர் ஒன்று அவர் கைக்கு வந்தது. வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் வைத்துக்கொண்டார். அந்த மிக்சரில், கீழ் ஒலிகளை வெட்டிவிடும் ஃபில்டருக்கு ஒரு பெரிய திருகு இருந்தது. வழவழவென்று ஓடாது, படிப்படியாக, பல்பல்லாகத் திரும்பும். மற்ற ஒலிப்பதிவாளர்களுக்கு அது குறை திருத்தும் சாமான்: பதிவில் இரைச்சல் இருந்தால் வெட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். டப்பி பாட்டு ஓடும்போதே அதில் கை வைத்தார். ஒவ்வொரு பல்லாகத் திருப்பத் திருப்ப, டிரம்மும் கிட்டாரும் உடம்பு இளைத்துக்கொண்டே போய், கடைசியில் சலசலப்பு மட்டும் மிஞ்சும். பிறகு ஒரே திருப்பு. அறை முழுக்க பேஸ்.

பாடகர் பாடி முடித்து, வாத்தியக்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு போன பிறகு, யாரும் புதிதாக ஒரு சுரம்கூட வாசிக்காமல், இருப்பதை எடுத்தும் கொடுத்தும் இன்னொரு பாட்டு உண்டாக்க முடியும் என்று அந்த அறையில்தான் தெரிந்தது. இதை டப் என்றார்கள். டப்பியை 1989-ல் அவர் வீட்டு வாசலிலேயே யாரோ சுட்டுக் கொன்றார்கள். அவர் திருப்பிய திருகு இன்று உலகின் எல்லா டிஜே மிக்சரிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

நியூயார்க் கதை பலருக்கும் தெரிந்தது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிங்ஸ்டனில் பிறந்து பிராங்ஸுக்குக் குடிபோன கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில், தங்கைக்காக நடத்திய விருந்தில் இசைத்தட்டு ஓட்டினார். ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். பாட்டில் தாளம் மட்டும் தனியாக வரும் இடத்தை, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து நீட்டிக்கொண்டே போனது அவர் கண்டுபிடிப்பு. ஜமைக்காவின் பெட்டி அடுக்கும் பழக்கம் அவரோடு கப்பலேறி வந்தது என்பது மட்டும் நமக்குப் போதும்.

லண்டனில் கொஞ்சம் நிற்க வேண்டும். தெற்கே க்ராய்டனில் பிக் ஆப்பிள் என்று ஓர் இசைத்தட்டுக் கடை. ஸ்க்ரீம், பெங்கா, ஹேட்சா போன்ற பையன்கள் அதைச் சுற்றி வளர்ந்தவர்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே டப்ஸ்டெப் என்ற பேஸ் இசை உருவாயிற்று. 2005-ல் மாலா, கோகி, லோஃபா ஆகியோர் பிரிக்ஸ்டனில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் டிஎம்இசட் என்ற இரவை நடத்தத் தொடங்கினார்கள். வெளிச்சம் குறைவு. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பெட்டிகளும் இருட்டும்தான். முதலாம் ஆண்டு நிறைவுக்கு, 2006-ல், வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்து வரிசை தெருவில் நீண்டுவிட்டது. வழக்கமான அறை கொள்ளாமல் நிகழ்ச்சியைப் பெரிய கூடத்துக்கு மாற்றினார்கள்.

அங்கே ஓடியவற்றில் நிறைய, கடையில் கிடைக்காத பாட்டுகள். டப்பிளேட் என்று, அசிட்டேட் தகட்டில் ஒரே பிரதி வெட்டிக்கொண்டு வருவார்கள். ஓட்ட ஓட்டத் தேயும். பேஸ் விழுந்ததும் கூட்டம் கூச்சலிட்டால், டிஜே தட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். நம் சபாக்களில் 'ஒன்ஸ் மோர்' கேட்கும் வழக்கம் போய்விட்டது. அங்கே அது தாளம் தப்பாமல் உயிரோடு இருக்கிறது. இதுவும் ஜமைக்கா கொடுத்ததுதான்.

இனி ட்ராப். அதற்கு ஒரு இயந்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் டிஆர்-808 என்ற தாளப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. விலை 1,195 டாலர். பதினாறு பொத்தான், பதினாறு அடி. எந்த அடியில் எது ஒலிக்க வேண்டுமோ அங்கே அழுத்தி வைத்தால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு குறை இருந்தது: அசல் டிரம் மாதிரி இல்லவே இல்லை. பதிவு செய்த டிரம் ஒலி அதற்குள் கிடையாது, எல்லாம் மின்சுற்று எழுப்பும் ஒலி. ஏறத்தாழ 12,000 பெட்டிகளோடு 1983-ல் உற்பத்தி நின்றது. நிறுவனர் இகுதாரோ காகேஹாஷி பிற்காலத்தில் அதற்கு ஒரு காரணம் சொன்னார். தரத் தேர்வில் கழிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கித்தான் அந்தப் பெட்டிக்கே உரிய சீறலை உண்டாக்கினார்களாம். தொழிற்சாலைகள் ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்டதும், கழிசல் கிடைப்பது நின்றுபோயிற்று!

யாரும் சீந்தாத 808 பழைய சாமான் கடைக்குப் போனது. விலை இறங்கியது. புதுச் சாமான் வாங்கக் கையில் காசில்லாத கறுப்பின இளைஞர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அதில் பேஸ் டிரம்முக்கு ஒரு திருகு உண்டு, அடித்த ஒலி எவ்வளவு நேரம் அடங்காமல் இருக்க வேண்டும் என்பதற்கு. அதை முழுக்கத் திருப்பினால் 'டும்' என்ற அடி 'டூஊஊம்' என்று ஒரு சுரமாக நீளும். மயாமிக்காரர்கள் எண்பதுகளில் இதை வைத்தே கார் டிக்கி அதிரும் ஒரு இசையைச் செய்தார்கள். அட்லாண்டாக்காரர்கள் அடுத்த அடி வைத்தார்கள். அந்த நீண்ட அடியைப் பல சுருதிகளில் ஏற்றி இறக்கி, பேஸ் கிட்டார் செய்யும் வேலையையும் அதற்கே கொடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்பு இந்த டம்ளரை ஆட்டியது அந்த ஒலிதான்.

அட்லாண்டாவில் போதைப்பொருள் விற்கும் வீட்டுக்கு ட்ராப் ஹவுஸ் என்று பெயர். ராப் பாடகர் டி.ஐ. 2003-ல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயரிலேயே ட்ராப் இருந்தது. 2005-ல் யங் ஜீஸியும் குச்சி மேனும் வந்தார்கள். இவர்களுக்கு இசை அமைத்தவர்களில் ஷாட்டி ரெட், ஜேடோவன் இருவரும் முக்கியம். ஜேடோவன் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். விரலில் வேதப்பாட்டு, பாட்டில் போதை வியாபாரம். 2010-ல் வர்ஜீனியாவிலிருந்து லெக்ஸ் லூகர் என்ற பத்தொன்பது வயதுப் பையன், வாக்கா ஃப்ளாக்கா ஃப்ளேமுக்காகக் கணினியில் செய்த தாளங்கள் இந்த இசையை இன்னும் முரட்டுத்தனமாக்கின. கீழே 808, மேலே ஓயாத ஹை-ஹாட், நடுவில் ஊதுகுழல்களும் திகில் படத்து வயலினும். பயத்தின் இசை அது. வாசலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாதவனின் பயம், அவன் பிறரைப் பயமுறுத்துவது, இரண்டும் ஒன்றாக. பிற்பாடு திருவிழா மைதானத்துக்கு வந்தபோது அந்த வாசலும் வீடும் கழன்று விழுந்து, குதூகலம் மட்டும் மிஞ்சியது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் நடனத்துக்கு வந்த எல்லா இசைக்கும் இது நேர்ந்திருக்கிறது.

கச்சேரி ரசிகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ட்ராப்பின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 அடி. ஆனால் தலையை ஆட்டிப் பாருங்கள், 70-க்குத்தான் ஆடும். ஏனென்றால் ஸ்னேர் டிரம் நாலு அடிக்கு ஒரு முறை, மூன்றாவதில்தான் விழுகிறது. உடம்பு கீழ்க்காலத்தில் நிற்கிறது, ஹை-ஹாட் மேல்காலத்தில் ஓடுகிறது. அதிலும் அந்த ஹை-ஹாட், சதுஸ்ரத்தில் போய்க்கொண்டே இருந்துவிட்டு திடீரென்று திஸ்ரத்துக்கு மாறி ஒரு உருட்டு உருட்டிவிட்டுத் திரும்பும். தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காது அதை உடனே பிடிக்கும். அட்லாண்டாவில் யாரும் நம்மிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை, அப்படிச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. கேட்க ஒரு பிடி கிடைக்கிறது, அவ்வளவே.

டப்ஸ்டெப்பும் இதே 140. ட்ராப்பும் இதே 140. இரண்டையும் ஒரே மேசையில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒற்றுமை இல்லாவிட்டால் 'ட்ராப் அண்ட் பேஸ்' என்று ஒரு டிஜே செட்டே வந்திருக்காது.

2012-ல் அது வெடித்தது. கிளாஸ்கோவின் ஹட்சன் மோஹாக்கும் மான்ட்ரியாலின் லூனிஸும் சேர்ந்து டிஎன்ஜிஎச்டி என்ற பெயரில் ஐந்து பாட்டு வெளியிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் பாவர் என்பவரின் 'ஹார்லெம் ஷேக்' மேட் டீசென்ட் நிறுவனத்தின் கிளையொன்றில் வந்தது. இந்த மேட் டீசென்ட் டிப்ளோ என்ற டிஜேயுடையது. ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., இந்த டிப்ளோவோடு 2004-ல் ஒரு மிக்ஸ்டேப் செய்தவர். அவருடைய 2007 தொகுப்பான 'கலா'வில் உறுமி உறுமுகிறது. அதன் முதல் பாட்டில் இளையராஜாவின் 'தளபதி' பாட்டிலிருந்து ஒரு துண்டு இருக்கிறது. இந்த வரலாற்றில் நமக்கும் ஓர் ஓரம் உண்டு. ஓரம்தான்.

'ஹார்லெம் ஷேக்' எட்டு மாதம் சும்மா கிடந்தது. 2013 பிப்ரவரியில் இளைஞர்கள் அதற்கு அரை நிமிட வீடியோ போட ஆரம்பித்தார்கள். முதல் பதினைந்து வினாடி ஒருவர் மட்டும் ஆடுவார், சுற்றியிருப்பவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்; பேஸ் விழுந்ததும் எல்லோரும் தலைகால் புரியாமல் குதிப்பார்கள். நீச்சல் குளம், அலுவலகம், ராணுவ முகாம் என்று எங்கெங்கும். அதே வாரத்தில் பில்போர்டு தன் பட்டியல் கணக்கில் யூடியூப் பார்வைகளையும் சேர்க்க முடிவு செய்தது. மார்ச் 2 தேதியிட்ட பட்டியலில் பாட்டு நேராக முதலிடத்தில் இறங்கியது. அதிலிருக்கும் இரண்டு குரல்களுக்கு முன்அனுமதி வாங்கவில்லை என்பது பிறகு தெரிந்து தகராறும் வந்தது.

விழுகிற இடம் என்றால் என்ன என்பதை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தது அந்த வீடியோக்கள்தான். அதே சமயம் காத்திருப்பைப் பதினைந்து வினாடியாக நறுக்கியதும் அவைதான். அதற்குப் பிறகு வந்த திருவிழா செட்டுகளைக் கேளுங்கள்: ஒரு பாட்டு விழுந்து அரை நிமிடம் ஆகுமுன் அடுத்தது ஏறுகிறது, விழுகிறது, மறுபடி ஏறுகிறது. ஒரு மணி நேரத்தில் ஐம்பது அறுபது முறை. நாலாவது முறைக்கு மேல் உடம்பு அதை வரவு வைப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். இந்தப் பிள்ளைகள் சண்டைக்கு வரலாம், வாருங்கள்.

சரி, நல்ல கை என்ன செய்கிறது? மேசையைப் பார்ப்போம். இரண்டு பிளேயர், நடுவில் மிக்சர். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலிருந்து கீழாக மூன்று திருகு: டிரெபிள், மிட், பேஸ். அவற்றுக்குக் கீழே ஒரு ஃபேடர். இடது பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. டிஜே ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் இடுக்கியிருக்கிறார். அந்தக் காதில் அடுத்த பாட்டு, மறு காதில் கூடம். வேகத்தைச் சமன் செய்ய இப்போது 'சிங்க்' பொத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் விரலால் தட்டைத் தள்ளியும் தடவியும் செய்வார்கள். பொத்தானைத் திட்டுகிறவர்கள் உண்டு. நான் திட்டமாட்டேன், வேலை அங்கே இல்லை.

இந்தப் பாட்டுகள் பதினாறு பார் (நாலு அடி சேர்ந்தது ஒரு பார்) கொண்ட பத்தி பத்தியாக நகர்பவை. 140 வேகத்தில் ஒரு பார் 1.7 வினாடி; ஒரு பத்தி 27 வினாடி. அடுத்த பாட்டு பத்தியின் முதல் அடியில் கிளம்பியாக வேண்டும். கிளம்பும்போது அதன் பேஸ் திருகு முழுக்க இடப்புறம், அதாவது பேஸ் அறவே இல்லை. ஃபேடரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார். கூடத்தில் புதிதாக ஒரு ஹை-ஹாட்டும் ஒரு மணியோசையும் கலந்திருக்கிறது. ஆடுபவர்களில் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். பத்தி முடியும் அடியில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் திரும்புகிறது: இடது பாட்டின் பேஸ் வெளியே, வலது பாட்டின் பேஸ் உள்ளே. பாட்டு மாறிவிட்டது.

இரண்டு பேஸையும் சேர்த்தே விட்டால் என்ன? ஒரு 808 எஃப் சுரத்தில் 43.7 ஹெர்ட்ஸ், இன்னொன்று அதற்கு அரைச் சுரம் மேலே 46.2 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். இரண்டும் மோதி வினாடிக்கு இரண்டரை முறை வீங்கி வடியும். ஒரே வாசலில் இரண்டு பேர் முட்டிக்கொண்டு நுழையப் பார்ப்பதுபோல, இரண்டில் ஒன்றும் உருப்படியாக உள்ளே வராது. சுருதி சேர்ந்த இரண்டு பாட்டைத் தேடி எடுத்து வேண்டுமென்றே ஒரே அடியில் விழ வைப்பவர்களும் உண்டு. அதற்கு வீட்டில் நிறைய உட்கார வேண்டும்.

இதுவரை சொன்னது பாடம். இனிதான் கை. இடது பேஸை வெளியே எடுத்தவர், வலது பேஸை உடனே விடாமல் இருந்தால்? நான்கு பார், அதாவது ஏழு வினாடி. முதல் பாரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டாவதில் கால் தடுமாறும், சிலர் நிமிர்ந்து மேடையைப் பார்ப்பார்கள். மூன்றாவதில் ஒரு விசில். நான்காவதில் டிஜே மிச்சமிருக்கும் ஹை-ஹாட்டையும் எடுத்துவிடுகிறார். ஒன்றே முக்கால் வினாடி சுத்த மௌனம், கூட்டத்தின் கூச்சல் மட்டும். பிறகுதான் விடுகிறார். பேஸ் அதே அளவுதான், மீட்டரில் ஒரு கோடுகூட ஏறியிருக்காது. ஆனால் கூடத்தில் எவரைக் கேட்டாலும் சத்தம் கூடிவிட்டது என்பார்.

நான்கு பாருக்குப் பதில் எட்டு வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமா? சில இரவு இருக்கும். சில இரவு, ஆறாவது பாரிலேயே பின்வரிசை தண்ணீர் குடிக்கப் போய்விடும். இதற்கு அட்டவணை கிடையாது. நான் கவனித்த நல்ல டிஜேக்கள் முன்வரிசையின் தூக்கிய கைகளைப் பார்ப்பதில்லை. முன்வரிசை எதற்கும் கையைத் தூக்கும். சுவரோரம் நிற்பவர்களின் தோளைப் பார்க்கிறார்கள். தோள் இறங்கினால் நேரம் முடிந்தது.

"எல்லாம் முன்கூட்டியே பதிவு செய்ததுதானே, பொத்தான் அழுத்துகிறார்கள்" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 2012 கோடையில் டெட்மவுஸ் என்ற பிரபல கலைஞரே, நாங்கள் எல்லோரும் செய்வது கிட்டத்தட்ட அதுதான் என்ற பொருளில் எழுதிவிட்டார். பெரிய ரகளை. எல்லோரும் அப்படியில்லை என்று மான்ட்ரியாலின் ஏ-ட்ராக் ஒரு கட்டுரையில் பதில் சொன்னார். அவருக்குச் சொல்ல உரிமை உண்டு: 1997-ல் டிஎம்சி உலக டிஜே போட்டியில் வென்றபோது அவருக்கு வயது பதினைந்து. என் கணக்கில் இருவரும் சொன்னது உண்மை. வாணவேடிக்கையும் திரையும் விளக்கும் நொடிக்கு நொடி பாட்டோடு கட்டப்பட்ட பெரிய மேடையில், கை நினைத்த இடத்தில் நான்கு பாரை எட்டாக்க முடியாது. ஆக்கினால் வாணம் முன்னாலேயே வெடித்துவிடும். மாறாக, 1998 முதல் 2000 வரை தொடர்ந்து மூன்று முறை அதே உலகப் பட்டத்தை வென்ற மயாமியின் டிஜே க்ரேஸ் ட்ராப்பும் டிரம் அண்ட் பேஸும் வாசிக்கும் செட்டைப் பாருங்கள். கை ஒரு இடத்தில் நிற்காது. இரண்டுக்கும் ஒரே டிக்கெட் விலை வாங்குவதுதான் பிரச்சினை.

பேஸ் உடம்பை ஆட்டுகிறது என்பதற்கு இப்போது ஆய்வும் இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு அரங்கம் உண்டு. அங்கே ஆர்ஃபிக்ஸ் என்ற மின்னணு இசை இரட்டையரின் கச்சேரி நடந்தபோது, காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த ஒலிகளைத் தரும் சிறப்பு ஒலிபெருக்கிகளை இரண்டரை நிமிடத்துக்கு ஒரு முறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். கேட்பவர்கள் தலையில் அசைவைப் பதியும் பட்டை. ஒலிபெருக்கி ஓடியபோது அசைவு 11.8 சதவீதம் கூடியது. ஓடுகிறதா இல்லையா என்பது கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. 2022-ல் வெளியானது. அருமையான சோதனை. ஆனால் அங்கே பேஸைப் போட்டது கடிகாரம். பாட்டு எங்கே நிற்கிறது என்று அதற்குக் கவலையில்லை. பத்தியின் முடிவில், கூட்டம் ஏங்கும் நொடியில் விட்டால் அந்த 11.8 எவ்வளவு ஆகும் என்று யாராவது அளந்தால் நன்றாக இருக்கும்.

கடைசியாக, காது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசைக்கூடங்களுக்கு வரம்பு வகுத்தது: பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது, காதடைப்பான் கொடுக்க வேண்டும், ஒதுங்கி நிற்க அமைதியான ஓர் இடம் வேண்டும். அடைப்பான் போட்டால் பேஸ் போய்விடுமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். போகாது. நுரை அடைப்பான் மேல் ஒலிகளைத்தான் அதிகம் வெட்டும். பேஸ் மார்பு வழியாகவும் தரை வழியாகவும் எப்படியும் வந்து சேரும். காதைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த மேல் ஒலிகளே.

வாசல் மேசையில் ஒரு தட்டு நிறைய அடைப்பான் வைத்திருக்கிறது, ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு தம்பி இருபது நிமிடம் வாசிக்கப்போகிறார். முன்கூட்டியே எந்தத் திட்டமும் இல்லை என்று என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார். முகத்தைப் பார்க்காதீர்கள், கீழ் வரிசைத் திருகில் அவர் விரலைப் பாருங்கள். கேள்விகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.